அறிவியல் புனைகதையின் அடிப்படையைக் கேள்வி கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறிவியல் புனைகதைகளுக்குப் புதிதாக மதிப்புரை எழுத வருபவர்கள், நாங்கள் தொடக்கத்தில் இடறிய இடங்களிலேயே இடறுவதைத் தொடர்ந்து பார்க்கிறேன். விண்வெளியில் வெடிச்சத்தம் கேட்காது என்பது போன்ற, எல்லோரும் அறிந்தவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

கணக்குப் போடாமல் தீர்ப்பு எழுதுவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். 1865-இல் வெளிவந்த ஜூல் வெர்னின் நிலவுப் பயண நாவலில், புளோரிடாவில் தரைக்குள் வார்க்கப்பட்ட 900 அடி நீளப் பீரங்கியிலிருந்து மூன்று மனிதர்கள் நிலவை நோக்கிச் சுடப்படுகிறார்கள். ஒரு வாசிப்புக் கூட்டத்தில் இளைஞர் ஒருவர், "மேலே எறிந்தது கீழே விழுந்துதானே ஆக வேண்டும்?" என்று கேட்டு அதை ஒரே வரியில் தள்ளினார், கைதட்டலும் கிடைத்தது. ஆனால் நாவலில் குண்டின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர். புவியீர்ப்பிலிருந்து விடுபடத் தேவையானதோ 11.2. வெர்ன் சரியாகக் கணக்கிட்டிருந்த இடத்திலேயே அவர் கைவைத்திருந்தார்.

கோளாறு குழாயின் நீளத்தில் இருக்கிறது. வேகத்தின் வர்க்கத்தை நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் முடுக்கம் கிடைத்துவிடும். பதினொன்றாம் வகுப்புக் கணக்குதான். 274 மீட்டருக்குள் அந்த வேகத்தை எட்டுவதற்குப் புவியீர்ப்பைப் போல 22,000 மடங்கு முடுக்கம் வேண்டும். 70 கிலோ எடையுள்ளவர் இருபதில் ஒரு பங்கு நொடிக்குள் 1,500 டன் எடையுள்ளவராகி நசுங்கிவிடுவார், காலடியில் வெர்ன் வைத்த தண்ணீர்த் தடுப்பு அவரைக் காப்பாற்றாது. முடுக்கத்தைப் புவியீர்ப்பின் ஐந்து மடங்கோடு நிறுத்த வேண்டுமானால் குழாயின் நீளம் 1,200 கிலோமீட்டராக வேண்டும். நாவலில் வெடிமருந்தாக வரும் வெடிபஞ்சு அந்த வேகத்தைத் தருமா என்பது அதற்கும் அடுத்த கேள்வி.

ஒரு பிழைக்காக முழுவதையும் ஒதுக்குவது

செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஆகவே ஆண்டி வீரின் 'தி மார்ஷியன்' நாவலில் வீசும் மணிக்கு 175 கிலோமீட்டர் புயல், இங்கே இருபதுசொச்சம் கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்றின் அளவுக்கே தள்ளும், விண்கலத்தைச் சாய்க்காது. தெரிந்தேதான் அப்படி எழுதியதாக ஆசிரியரே ஒப்புக்கொண்டுவிட்டார். அதை வைத்துக்கொண்டு, ராக்கெட் எரிபொருளான ஹைட்ரசினைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து, அதை எரித்துத் தண்ணீராக்கும் பகுதியையும் புளுகு என்று எழுதுவது நியாயமில்லை.

ஒளியை விஞ்சும் வேகத்தோடு மல்லுக்கட்டுவது

கதைக்கு அந்த ஒரு சலுகையைக் கொடுத்துவிடுங்கள்.

எழுதப்பட்ட ஆண்டைப் பார்க்காமல் விடுவது

ராக்கெட் எட்டும் வேகத்தைக் கணக்கிட உதவும், ரஷ்ய அறிவியலாளர் சியால்கோவ்ஸ்கியின் ராக்கெட் சமன்பாடு அச்சேறியது 1903-இல். வெர்ன் ஏன் ராக்கெட்டில் ஆளை அனுப்பவில்லை என்று கேட்பவர்களுக்கு இதற்கு மேல் நான் பதில் சொல்வதில்லை.