வெளியீட்டுத் தேதியை முதலில் குறியுங்கள்

பெங்களூரில் பகலில் அலுவலக வேலையும் இரவில் கட்டற்ற மென்பொருள் பணியும் பார்க்கும் தமிழ்த் தன்னார்வலர்கள், எல்லா வசதிகளும் முடியட்டும் என்று காத்திராமல், வெளியீட்டுத் தேதியை முதலில் உறுதிசெய்துகொள்வதே நல்லது. லினக்ஸ் சார்ந்த இயங்குதளமான உபுண்டு பொதுவாக ஏப்ரலிலும் அக்டோபரிலும் வெளிவருவது இம்முறையில்தான். முடியாத வசதி அடுத்த வெளியீட்டுக்குச் செல்லட்டும்.

பிறகு அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, புதிய வசதிகளை ஏற்பதை என்று நிறுத்துவது எனக் குறியுங்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலில் புதிய மாற்றங்களை ஏற்க ஏறத்தாழ 2 வாரங்களே தரப்படுகின்றன. அதன்பின் வாரம் ஒன்றாக, பெரும்பாலும் 7 அல்லது 8 முன்னோட்டப் பதிப்புகள் வருகின்றன, அவற்றில் பிழைதிருத்தங்களுக்கே இடம். சிறு குழுவுக்கு இப்படிப் பிழைதிருத்த மட்டும் 4 வாரங்கள் போதும் என்பது என் கருத்து. அந்நாள்களில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தானியங்கிச் சோதனை ஓடவேண்டும். அத்துடன், பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்தும்போது பயனரின் தரவு சிதையாமல் இருக்கிறதா என்பதை ஒருவர் தாமே சரிபார்த்தாக வேண்டும், ஏனெனில் புதிதாக நிறுவிப் பார்க்கும் சோதனையில் இப்பிழை சிக்குவதில்லை. தமிழைக் கையாளும் மென்பொருளென்றால், ‘கொ’ என்னும் எழுத்து கணினி எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் இரு விதமாகப் பதிவாகக்கூடும் என்பதால், தேடல் இரண்டையும் கண்டெடுக்கிறதா என்றும் பாருங்கள்.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தைய வாரத்தில் வெளியீட்டை வைக்காதீர்கள். குழுவில் பலர் ஊருக்குப் போயிருப்பார்கள், அவசரப் பிழையைத் திருத்த ஆளிருக்காது.