பூசை மாடத்தின் பின்சுவரில் படிந்த நீர்: என் அனுபவம்

சென்ற ஆண்டு இறுதியின் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், சிங்கப்பூரின் ஈசூனிலுள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில், பூசை மாடத்தின் பின்சுவர் காலைதோறும் நனைந்திருந்தது. அப்பாவின் படத்துக்குப் பின்னிருந்த அட்டை உப்பி, அதன் ஓரமெங்கும் கறுப்புப் பூசணம் புள்ளி புள்ளியாகப் படர்ந்திருந்ததைக் கண்டு மனம் பதறிவிட்டது.

மேல்வீட்டுக் கசிவு என்றே முதலில் எண்ணினேன். ஆனால் விடியலில் தோன்றும் ஈரம் நண்பகலுக்குள் உலர்ந்துவிடுவதைச் சில நாள் கவனித்த பிறகே காரணம் விளங்கியது. அந்தச் சுவருக்கு அப்பால் எங்கள் படுக்கையறை. அங்கே இரவு முழுவதும் குளிரூட்டி 19 டிகிரி செல்சியசில் ஓடியது. 27 டிகிரி வெப்பமும் 90 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள கூடத்துக் காற்று, ஏறத்தாழ 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் அதிலுள்ள நீராவி நீராகப் படிந்துவிடும். மழைக்காகக் கூடத்தில் துணி உலர்த்தியது, அந்த ஈரப்பதத்தை மேலும் கூட்டியது.

குளிரூட்டியை 25 டிகிரிக்கு உயர்த்தி, மின்விசிறியைத் துணைக்கு வைத்தேன். மாடத்தைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, பின்னால் காற்றோட வழி செய்ததே பெரிய மாற்றத்தைத் தந்தது என்பேன். ஈரத்தை நிறுத்தாமல் பூசணத் தடுப்புச் சாயம் பூசுவது வீண் செலவு. சுவர் நான்காம் நாளே உலர்ந்தது; அப்பாவின் படத்துக்குப் புது அட்டை மாற்றினேன்.