கிலோமீட்டரை மட்டும் நம்பி மலையேறாதீர்கள்

இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதிப் பக்கம் நடக்கப் போகிறீர்களா? தூரத்தை மட்டும் பார்த்து நேரம் போடாதீர்கள். ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் நைஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் கைகொடுக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. 10 கிலோமீட்டர் நடை, 600 மீட்டர் ஏற்றம் என்றால் 3 மணி நேரம். சாப்பாடு, போட்டோ எல்லாம் தனி.

ஏற்றத்தை பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் வரைபடத்திலேயே எண்ணிவிடலாம். அங்கே உயரக் கோடு (ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் கோடு) ஒன்றுக்கு 10 மீட்டர். கோடுகள் நெருக்கியடித்து நின்றால் செங்குத்து என்று அர்த்தம். 451 மீட்டரே உள்ள கேட்பெல்ஸ் குன்றுகூட உச்சிக்கு அருகில் கையூன்றி ஏற வைக்கும். ஹெல்வெலின் மலையின் ஸ்ட்ரைடிங் எட்ஜ் என்ற ஒடுங்கிய முகட்டுப் பாதையா? காற்றடிக்கிற நாளில் வேண்டவே வேண்டாம். அப்புறம், டிசம்பரில் 4 மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும், டார்ச் கட்டாயம்.