நொடித்த பதிப்பகத்திடமிருந்து உரிமையை மீட்ட கதை

பதிப்பகம் கடனில் தள்ளாடிக்கொண்டிருந்தது. என் நாவலுக்கு நூலக ஆணை (அரசு நூலகங்களுக்குப் பிரதிகள் வாங்கும் உத்தரவு) கிடைத்தும், எழுத்தாளருக்கான பங்கான ராயல்டி வரவில்லை. கேட்டால், "அடுத்த மாசம் பார்க்கலாம் சார்" என்பார்கள். பணத்தைவிட, புத்தகம் அங்கேயே முடங்கிவிடுமே என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

ஒப்பந்தத்தை எடுத்து வரிவரியாகப் படித்தேன். உரிமை எத்தனை ஆண்டுக்கு என்று எங்குமே எழுதவில்லை. அதுதான் பிடி. பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19(5)-இன்படி, காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் 5 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். என் ஒப்பந்தம் அதைத் தாண்டியிருந்தது.

உரிமை என்னிடம் திரும்பிவிட்டது, இனி அச்சிடக் கூடாது, விற்பனைக் கணக்கு வேண்டும் என்று ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினேன். போனில் பேசியதெல்லாம் காற்றோடு போனது. இந்தக் கடிதத்துக்குப் பதில் வந்தது.

கையில் காசில்லை என்றார் உரிமையாளர். சரி, பாக்கிக்கு ஈடாகக் கிடங்கில் கிடக்கும் பிரதிகளைக் கொடுங்கள் என்றேன். அப்புறம், 'இந்நூலின் மேல் எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை' என்று லெட்டர்பேடில் எழுதி, கையெழுத்து, முத்திரையோடு வாங்கிக்கொண்டேன். புதிய பதிப்பாளர் முதலில் கேட்டது அந்தத் தாளைத்தான்.

பாக்கி உள்ளவர்கள் தள்ளிப்போடாதீர்கள். பணம் வர வேண்டிய நாளிலிருந்து பொதுவாக 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும்.