டியூப்லைட் ஹாலில் ஜிம்னாஸ்டிக்ஸ்: நாய்ஸுக்குப் பயப்படாமல் படமெடுப்பது எப்படி?

கீழக்கரையோ மண்டபமோ தொண்டியோ, நம் ராமநாதபுரம் கடலோரத்தில் பிள்ளைகளின் ஜிம்னாஸ்டிக்ஸைப் படமெடுக்கப் போனால் கிடைப்பது பள்ளிக்கூட ஹால்தான். இல்லையென்றால் கல்யாண மண்டபம். வெளியே கண் கூசும் வெயில் அடிக்கும். உள்ளே நாலைந்து டியூப்லைட். நம் கண் அதற்குப் பழகிவிடும், கேமரா பழகாது. படம் கலங்கி வரும், அல்லது மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக வரும். இந்தப் புள்ளிகளைத்தான் நாய்ஸ் என்கிறோம். இரண்டில் ஒன்றை ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்றால் புள்ளியை ஏற்றுக்கொள்ளுங்கள். அதைப் பிறகு குறைக்கலாம். கலங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

1. முதலில் அனுமதி

பி.டி. மாஸ்டரிடம் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளின் படத்தை வெளியிடுவதாக இருந்தால் பெற்றோரிடமும் கேட்க வேண்டும். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். பிள்ளைகள் மேலே ஏறி நின்று செய்யும் கட்டையான பேலன்ஸ் பீமின் அகலம் 10 செ.மீ.தான். அதன்மேல் நிற்கும் பிள்ளையின் கண்ணில் வெளிச்சம் அடித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

2. லென்ஸ்

கேமராவோடு வரும் 18-55 லென்ஸை முழுக்க ஜூம் செய்தால் அப்பர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளை, எஃப் 5.6க்குப் போய்விடும். எஃப் எண் சிறிதானால் துளை பெரிது. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். விலையும் குறைவு. புது கேமரா வாங்க யோசிப்பவர்கள் முதலில் இதை வாங்கலாம் என்பது என் கருத்து. ஜூம் கிடையாது, நாம்தான் நடக்க வேண்டும். சின்ன ஹாலில் அது பெரிய சிரமமில்லை.

கைபேசிதான் இருக்கிறதா? நைட் மோடை அணைத்துவிடுங்கள். அது பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்கும். குதிக்கும் பிள்ளைக்கு நாலு கை தெரியும். 1x என்று காட்டும் முதன்மை லென்ஸையே பயன்படுத்துங்கள்.

3. ஷட்டர்

கேமராவை எம் மோடில், அதாவது எல்லாவற்றையும் நாமே அமைக்கும் முறையில், வையுங்கள். ஓடி வந்து வால்ட் தாண்டுவதற்கும் ஃப்ளோரில் சுழல்வதற்கும் ஷட்டர் வேகம் 1/500 முதல் 1/1000 விநாடி வரை வேண்டும். பீமில் அசையாமல் நிற்கும் நிலைக்கு 1/125 போதும். தொங்கும் வளையங்களான ரிங்ஸில் பலம் காட்டிப் பிடிக்கும் நிலைகளை 2 விநாடி காட்ட வேண்டும் என்பது விதி. அந்த 2 விநாடி நமக்கும் லாபம்.

4. ஐஎஸ்ஓ: பயப்பட வேண்டிய இடம் இது இல்லை

ஐஎஸ்ஓ எண்ணை ஏற்றினால் படம் வெளிச்சமாகும். அதை ஏற்றினால்தான் நாய்ஸ் வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் உண்மைக் காரணம் ஒளிக் குறைவு. ஒளி துகள் துகளாக, ஒழுங்கில்லாமல் வந்து விழுகிறது. குறைவாக விழுந்தால் அந்த ஒழுங்கின்மை கண்ணுக்குத் தெரியும். ஒளி 4 மடங்கானால், படத்தோடு ஒப்பிடும்போது இந்த நாய்ஸ் பாதியாகும். ஐஎஸ்ஓ செய்வதெல்லாம் வந்த ஒளியின் பதிவைப் பெருக்கிக் காட்டுவதுதான்.

அதனால் ஐஎஸ்ஓ 800லேயே நிற்பேன் என்று பிடிவாதம் பிடித்து, இருட்டாக எடுத்த படத்தைக் கணினியில் வெளிச்சமாக்கினால் நாய்ஸ் குறையாது. பல கேமராக்களில் அதிகமாகத்தான் தெரியும், நிழல் பகுதிகளில் நிறம் வேறு திட்டுத் திட்டாக வரும். எஃப் 1.8, 1/500, ஐஎஸ்ஓ 3200 என்று தொடங்குங்கள். முகம் இருட்டாக இருந்தால் தயங்காமல் 6400.

ஹாலின் வெளிச்சம் மாறப்போவதில்லை என்றால் ஆட்டோ ஐஎஸ்ஓவும் வேண்டாம். பின்னால் வெள்ளைச் சுவரோ திறந்த ஜன்னலோ வந்தால் கேமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கிவிடும். திரையில் படத்தை மட்டும் பார்க்காமல், இருட்டு இடது பக்கமும் வெளிச்சம் வலது பக்கமுமாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தையும் பாருங்கள். எல்லாம் இடது பக்கம் குவிந்திருந்தால் ஒளி போதவில்லை.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மணல் பறக்கிறது என்று கதவு, ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். காற்று வராத பக்கத்தையாவது திறக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த ஜன்னல் உங்கள் முதுகுப்புறம் இருக்கும்படி நின்றால் முகத்தில் ஒளி விழும்.

5. விளக்கின் துடிப்பு

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் போட்ட பழைய டியூப்லைட் விநாடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். சில மலிவான எல்இடியும் அப்படித்தான். 1/500இல் தொடர்ந்து எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மஞ்சளாகவும் வரும். கேமரா கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். விளக்கின் துடிப்புக்கு ஏற்பப் படமெடுக்கும் ஆன்டி ஃப்ளிக்கர் வசதி இருந்தால் போடுங்கள். சைலன்ட் ஷட்டரில் பட்டை பட்டையாக விழும், அதை அணைத்துவிடுங்கள்.

6. ஃபோகஸும் நேரமும்

அசைபவரை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸ் வையுங்கள்: நிக்கான், சோனியில் ஏஎஃப்-சி, கேனானில் சர்வோ. குதிப்பவர் உச்சிக்குப் போனதும் மேலேறும் வேகம் நின்று, பிறகுதான் இறங்குவார். அங்கே அழுத்தினால் 1/250கூட சில நேரம் போதும். கண்ணால் பார்த்த பிறகு அழுத்தினால் தாமதம்தான். கொஞ்சம் முன்பே அழுத்தத் தொடங்குங்கள்.

இதைப் பழக ஹால் தேவையில்லை. சாயங்காலம் கடற்கரை மணலில் பையன்கள் குட்டிக்கரணம் அடித்துக்கொண்டிருப்பார்கள். கேட்டுவிட்டு எடுங்கள். பொழுது சாயச் சாய ஐஎஸ்ஓவை ஏற்றும் பழக்கமும் வந்துவிடும்.

7. கணினியில்

கேமராவே சுருக்கித் தரும் ஜேபெக்கைவிட, பதிவை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்தால் திருத்த இடம் அதிகம். முதலில் நிற நாய்ஸை, அதாவது வண்ணப் புள்ளிகளை, குறையுங்கள். அதில் இழப்பு அதிகம் தெரியாது. ஒளி நாய்ஸை, அதாவது வெளிச்சமும் இருட்டுமான புள்ளிகளை, கொஞ்சமாகக் குறையுங்கள். அளவு மீறினால் முகம் வழவழவென்று ஆகி, வியர்வையும் கையில் பூசும் மெக்னீசியம் கார்பனேட் பொடியும் காணாமல் போகும். படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் 2023இல் வந்த, நாய்ஸைக் குறைக்கும் ஏஐ டினாய்ஸ் நன்றாகவே வேலை செய்கிறது. காசு செலவழிக்க வேண்டாம் என்றால் டார்க்டேபிள் இலவசம். வாட்ஸ்அப்பில் அனுப்பத்தான் என்றால் படத்தின் அளவைச் சுருக்கினாலே பாதி நாய்ஸ் மறைந்துவிடும், அப்புறம் எதற்கு மெனக்கெட வேண்டும்?

8. வீட்டுக்கு வந்ததும்

உப்புக் காற்று பட்ட கேமராவை உலர்ந்த மென்துணியால் துடையுங்கள். லென்ஸை சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், இல்லாவிட்டால் இந்த ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். ஏசி அறையில் வைத்திருந்த கேமராவை வெளியே எடுத்தால் லென்ஸில் நீர் படியும்; அரைமணி நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும்.