பழைய மாருதி 800-ல் இன்ஜின் மிஸ்ஸிங்: எந்த சிலிண்டர், என்ன காரணம் என்று கண்டுபிடிப்பது எப்படி

மிஸ்ஸிங் (சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் தவறி இன்ஜின் தடுமாறுவது) என்றதும் பிளக், ஒயர், காயில் (ஸ்பார்க்குக்கான உயர் வோல்ட்டைத் தருவது), டெல்கோ (அதை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர்) மூடி என்று வரிசையாக மாற்றிப் பார்ப்பது பலருக்கும் பழக்கம். காசு கரையும், கோளாறு அப்படியே இருக்கும். எந்த சிலிண்டர் எரியவில்லை என்று தெரியும்வரை ஒரு பாகத்தையும் வாங்காதீர்கள். அதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும்.

இங்கே எடுத்துக்கொள்வது கார்பரேட்டர் வைத்த மாருதி 800: மூன்று சிலிண்டர், 796 சிசி. டெல்கோ உள்ள மற்ற பழைய பெட்ரோல் கார்களுக்கும் இதே முறைதான். சிலிண்டர் எண்ணிக்கையும் எரியும் வரிசையும் மட்டும் மாறும்.

தேவையானவை: 21 மி.மீ. பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ் (சின்ன இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்), மல்டிமீட்டர், நல்ல நிலையில் உள்ள ஒரு உபரி பிளக், ஜம்பர் கேபிள், டார்ச், தண்ணீர் ஸ்பிரே பாட்டில். கம்ப்ரஷன் கேஜைக் கடைசிக் கட்டத்துக்கு யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

முதலில் காது கொடுங்கள்

வண்டியை ஐடிலிங்கில் விட்டு சைலன்சர் பக்கம் போய் நில்லுங்கள். ஒரே தாளத்தில் 'பக்… பக்…' என்று விட்டுவிட்டு வந்தால், ஏதோ ஒரு சிலிண்டர் முழுசாகப் படுத்துவிட்டது. தாளமே இல்லாமல் அவ்வப்போது தடுமாறினால் கோளாறு பெரும்பாலும் மூன்றுக்கும் பொதுவான இடத்தில்: காயில், பாயின்ட் (டெல்கோவுக்குள் திறந்து மூடி ஸ்பார்க்கை உண்டாக்கும் ஸ்விட்ச்), கன்டென்சர் (பாயின்ட் கருகாமல் காப்பது), கார்பரேட்டர்.

இந்தப் பிரிவு ஏன் முக்கியம்? மூன்று சிலிண்டருக்கும் பெட்ரோல் கொடுப்பது ஒரே கார்பரேட்டர். கார்பரேட்டர் கெட்டால் மூன்றும் சேர்ந்துதான் திணறும். ஒன்று மட்டும் படுத்திருந்தால் கார்பரேட்டரைக் கழற்றாதீர்கள். அந்த சிலிண்டரின் ஸ்பார்க், அதன் கம்ப்ரஷன் (உள்ளே கலவை அமுக்கப்படும் அழுத்தம்), அல்லது அந்தப் பக்கம் மேனிஃபோல்டில் (கார்பரேட்டரிலிருந்து சிலிண்டருக்குப் போகும் குழாய்) காற்றுக் கசிவு, இந்த மூன்றில் ஒன்றுதான்.

எப்போது வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மழையில் மட்டும் என்றால் ஒயர் அல்லது டெல்கோ மூடி. மேட்டில் ஏறும்போது மட்டும் என்றால் பலவீனமான ஸ்பார்க் அல்லது பெட்ரோல் பற்றாக்குறை. ஐடிலிங்கில் மட்டும் என்றால் ஸ்லோ ஜெட் (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் கார்பரேட்டர் துளை), காற்றுக் கசிவு, டேப்பட் (வால்வைத் திறக்கும் பாகத்தின் இடைவெளி).

படுத்த சிலிண்டரைக் கண்டுபிடித்தல்

ஓடும் இன்ஜினில் பிளக் மூடியைக் கையால் பிடுங்கும் பழக்கம் வேண்டாம். அதில் வருவது ஆயிரக்கணக்கான வோல்ட். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்திலேயே நிற்கக் கூடாது. பூமிக்குப் போக வழியில்லாத ஸ்பார்க் காயிலையும், எலக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள மாடலில் அதன் மாட்யூலையும் கெடுத்துவிடும்.

சரியான வழி இது. இன்ஜினை அணையுங்கள். ஒயர்கள் இடம் மாறாமலிருக்க 1, 2, 3 என்று டேப் ஒட்டிக் குறியுங்கள். டைமிங் பெல்ட் பக்கம் இருப்பது 1. முதல் ஒயரைக் கழற்றி உபரி பிளக்கில் செருகி, அந்த பிளக்கின் மரை இன்ஜின் உலோகத்தில் அழுத்தமாகப் படும்படி ஜம்பர் கேபிளால் பிடித்து வையுங்கள். கார்பரேட்டருக்கும் பெட்ரோல் குழாய்க்கும் தள்ளியே இருக்கட்டும். இப்போது ஸ்டார்ட் செய்யுங்கள்.

இன்ஜின் இன்னும் மோசமாக ஆடினாலோ, அணைந்தே போனாலோ அந்த சிலிண்டர் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது என்று அர்த்தம். ஒரு மாற்றமும் தெரியாவிட்டால் படுத்தது அதுதான். மூன்றையும் இப்படிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் 20, 30 விநாடிக்கு மேல் ஓட்டாதீர்கள்: எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிவிடும். 1995 ஏப்ரல் முதல் நான்கு பெருநகரங்களில் புதுப் பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (சைலன்சர் வழியில் புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்) கட்டாயமானது. உங்கள் வண்டியில் அது இருந்தால் எரியாத பெட்ரோல் அதற்குள் போய்ப் பற்றி அதைக் காய்ச்சி உருக்கிவிடும்.

ஸ்பார்க்

அதே உபரி பிளக்கில் ஸ்பார்க்கைப் பாருங்கள். நீலம் கலந்த வெள்ளையாக 'டப் டப்' என்று சத்தத்தோடு அடித்தால் நல்லது. மஞ்சளாக, நூல் போல, சத்தமில்லாமல் வந்தால் பலவீனம். உபரி பிளக்கில் நன்றாக அடித்தும் சிலிண்டர் படுத்திருந்தால் முதல் சந்தேகம் அதிலுள்ள பிளக் மேல்.

இன்ஜின் ஆறிய பிறகே பிளக்கைக் கழற்றுங்கள். ஹெட் அலுமினியம், சூட்டில் திருகினால் மரை உரிந்து வரும். முனையைப் பாருங்கள்:

- இளம் பழுப்பு: சரி.
- ஈரம், பெட்ரோல் வாசனை: ஸ்பார்க் கிடைக்கவில்லை.
- உலர்ந்த கரி: பெட்ரோல் அதிகம், அல்லது சோக் (குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் மூடி) முழுதாகத் திரும்பவில்லை.
- எண்ணெய்ப் பிசுக்கு: பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கிறது.
- வெளிறிய வெள்ளை: காற்று அதிகம், பெட்ரோல் குறைவு.

பீங்கானில் மயிரிழை போலக் கறுப்புக் கோடு ஓடினால் அந்த பிளக்கைத் தூக்கிப் போடுங்கள், ஸ்பார்க் அந்த வழியாகத்தான் ஓடிவிடுகிறது. இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. இருக்க வேண்டும். சந்தேகமான பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே போனால் பிளக்தான் கெட்டது; பழைய இடத்திலேயே நின்றால் பிளக்குக்குப் பழி போடாதீர்கள். திரும்பப் பூட்டும்போது கையாலேயே கடைசிவரை திருகி, பிறகுதான் ஸ்பேனர்.

உபரி பிளக்கிலும் ஸ்பார்க் வராவிட்டால் ஒயர். மல்டிமீட்டரில் மூன்றையும் அளந்து ஒப்பிடுங்கள். சாதாரணமாகச் சில ஆயிரம் ஓம் காட்டும். ஒன்று மட்டும் பல மடங்கு அதிகமாகவோ, தொடர்பே இல்லாமலோ இருந்தால் அதுதான். ஒயரில் கசிவைப் பார்க்க இரவுதான் நல்ல நேரம்: விளக்கை அணைத்து, இன்ஜினை ஓடவிட்டு, ஒயர்கள் மேல் தண்ணீரை லேசாகத் தெளியுங்கள். கசியும் இடத்தில் நீலப் பொறி தெரியும். கையை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

டெல்கோ

மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள். உள்சுவரில் ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்குப் பென்சிலால் கிறுக்கியது போல மெல்லிய கரிக்கோடு இருந்தால் மூடி போய்விட்டது. துடைத்தாலும் திரும்ப வரும். நடுவிலுள்ள கார்பன் முனை அழுத்தினால் உள்ளே போய் வெளியே வர வேண்டும்.

பாயின்ட் உள்ள மாடலில் பிளக்குகளைக் கழற்றி, டாப் கியரில் போட்டு வண்டியை மெல்லத் தள்ளுங்கள். டெல்கோ ஷாஃப்டிலுள்ள கேமின் மேடு பாயின்டைத் திறக்கும்போது இடைவெளி 0.4 முதல் 0.5 மி.மீ. இருக்க வேண்டும். ஒரு மேட்டில் அளந்ததோடு நிறுத்தாமல் மூன்றிலும் அளந்து பாருங்கள். ஒன்றில் 0.45, இன்னொன்றில் 0.30 என்று வந்தால் ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து ஷாஃப்ட் ஆடுகிறது. புதுப் பாயின்ட் எத்தனை போட்டாலும் அந்த ஒரு சிலிண்டர் தொல்லை கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். ஷாஃப்டைப் பக்கவாட்டில் அசைத்தாலே ஆட்டம் தெரியும்.

பாயின்ட் முகத்தில் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடும் விழுந்திருந்தால் கன்டென்சரையும் சேர்த்து மாற்றுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது இரண்டு வாரத்துக்குத்தான் தாங்கும். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும், அதையும் சரிபார்த்துவிட்டு மூடுங்கள்.

எரியும் வரிசை 1-3-2. ஒயர்களில் இரண்டு இடம் மாறினாலே கார்பரேட்டர் வழியாக வெடிக்கும்.

காற்றும் பெட்ரோலும்

சூடான இன்ஜினில் சோக்கைக் கொஞ்சம் இழுங்கள். இன்ஜின் சீராகிவிட்டால் கலவையில் பெட்ரோல் குறைவு: காற்றுக் கசிவு, அல்லது ஜெட்டில் அடைப்பு. வேக்கம் குழாய்கள், கார்பரேட்டர் அடி கேஸ்கட், மேனிஃபோல்டு இணைப்பு ஆகியவற்றில் ஒவ்வொன்றாகத் தண்ணீரைத் தெளித்து, எங்கே தெளிக்கும்போது ஓட்டம் மாறுகிறது என்று கவனியுங்கள். கார்ப் கிளீனரைத் தெளித்துப் பார்ப்பவர்கள் உண்டு. சூடான சைலன்சர் பக்கத்தில் அது தீப்பிடிக்கும், நமக்குத் தண்ணீர் போதும்.

இப்போது கிடைக்கும் இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். கார்பரேட்டர் தானாகத் திருத்திக்கொள்ளாது, அதனால் ஏற்கெனவே காற்று கூடுதலான வண்டியில் மிஸ்ஸிங் இன்னும் தெளிவாகத் தெரியும். பழைய ரப்பர் குழாய்களும் இதில் ஊறி உப்பும், உள்ளே உதிரும். உதிர்ந்த துணுக்கு நேரே ஜெட்டில் போய் அடைக்கும். குழாயை மடக்கிப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள்.

கம்ப்ரஷன்

ஸ்பார்க் நன்றாக இருக்கிறது, கசிவும் இல்லை, ஆனாலும் அதே சிலிண்டர் படுத்திருக்கிறது என்றால் கேஜை எடுங்கள். மூன்று பிளக்கையும் கழற்றி, காயிலின் சின்ன ஒயரைப் பிரித்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஐந்தாறு சுற்று சுற்றவிடுங்கள். மூன்று அளவையும் எழுதுங்கள். ஒன்று மற்றவற்றைவிட 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் காரணம் அங்கேதான்.

குறைந்த சிலிண்டரில் பிளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளவு ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்திருந்தால் நடுவில் கேஸ்கட் எரிந்திருக்கும்.

ஹெட்டை இறக்கச் சம்மதிக்கும் முன் டேப்பட்டைப் பாருங்கள். இடைவெளி இல்லாமல் இறுகிய டேப்பட் வால்வை முழுதாக மூட விடாது. சூடேறினால் வால்வு நீண்டு இன்னும் திறந்து நிற்கும். காலையில் நன்றாக ஓடி, சூடானதும் மிஸ்ஸிங் அடிக்கும் வண்டியில் இது அடிக்கடி காண்பது. மேல் மூடியைக் கழற்றி, இன்ஜின் ஆறிய நிலையில், அந்த சிலிண்டரின் இரண்டு வால்வும் மூடியிருக்கும்போது ஃபீலர் கேஜை நுழையுங்கள். உள்ளே போகவே இல்லையென்றால் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள குளிர்ந்த நிலை அளவுக்குத் தளர்த்தி, லாக் நட்டை இறுக்கி, மறுபடி அளந்து, அதன் பிறகு கம்ப்ரஷனை மீண்டும் எடுங்கள். அப்போதும் ஏறாவிட்டால் வால்வு எரிந்திருக்கிறது, ஹெட் இறங்கத்தான் வேண்டும்.