ஃபீல்டு டெஸ்ட் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியில் கண் நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) உள்ளவர்களுக்குப் பார்வைப் புலப் பரிசோதனை, அதாவது ஃபீல்டு டெஸ்ட், எடுக்கும் பணியில் நெடுங்காலமாக இருக்கிறேன். ஒரு கண்ணால் நடுவிளக்கையே பார்த்தபடி, சுற்றிலும் ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் நோயாளி பட்டனை அழுத்த வேண்டிய பரிசோதனை இது. எங்கள் தலைமுறை தொடக்கத்தில் செய்த பிழைகளையே இன்று பயிற்சிக்கு வரும் இளையவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். மறு கண்ணை மூட மறப்பது, அறை விளக்கை அணைக்காமல் விடுவது போன்றவற்றை முதல் வாரத்திலேயே திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரே நோயாளியை இரண்டு பேராகப் பதிவது

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். இந்நோயில் இழந்த பார்வை திரும்பாது. ஆகவே சொட்டு மருந்து போதுமா, அறுவை சிகிச்சை வேண்டுமா என்று மருத்துவர் முடிவெடுக்க, பார்வைப் புலம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பது தெரிய வேண்டும். இப்பரிசோதனையை எடுக்கும் ஹம்ஃப்ரி கருவி அந்த வேகத்தைக் கணக்கிட்டுத் தரும். முந்தைய பரிசோதனைகள் எல்லாம் ஒரே பதிவின் கீழ் இருந்தால்தான் தரும். நம் ஊர் முதியவர்கள் பலருக்கு ரேஷன் அட்டையில் ஒரு வயது, வாக்காளர் அட்டையில் வேறொரு வயது, ஆதாரில் ஜனவரி 1 என்ற பிறந்த நாள். கலியபெருமாள் என்ற பெயரை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுவார்கள். தலைப்பெழுத்து முன்னாலும் வரும், பின்னாலும் வரும். அவசரத்தில் புதிய பதிவைத் திறந்துவிட்டால், கருவியைப் பொறுத்தவரை அவர் இன்றுதான் முதன்முதலாக வந்தவர்.

பண்ருட்டிப் பக்கத்து முந்திரி விவசாயி ஒருவருக்கு இப்படித்தான் நேர்ந்தது. அவருடைய பரிசோதனைகள் வெவ்வேறு பதிவுகளில் சிதறிக் கிடந்தன. மூக்குப் பக்கம் சிறு படிபோலத் தொடங்கிய குறை, வில்லாக வளைந்து மையப் பார்வையை நெருங்கிவிட்டதைப் பழைய முடிவுத் தாள்களை மேசையில் அடுக்கிப் பார்த்தபோதுதான் கண்டோம். அவர் ஒரு முறைகூட வரத் தவறியதில்லை.

பிறந்த தேதி பிழையானால் கேடு அத்துடன் நிற்பதில்லை. அந்த வயதினருக்குரிய இயல்பான அளவுகளோடுதான் கருவி ஒப்பிடுகிறது, 30 செ.மீ. தொலைவில் பார்ப்பதற்கான லென்ஸையும் வயதைக் கணக்கில் கொண்டே பரிந்துரைக்கிறது. லென்ஸ் தவறினால் ஒளிப்புள்ளி மங்கி, இல்லாத குறை பதிவாகும். எனவே மருத்துவமனைப் பதிவெண்ணைக் கொண்டு முதலில் தேடுங்கள். பழைய தாளில் உள்ள பிறந்த தேதியையே பயன்படுத்துங்கள். அது தவறென்று தெரிந்தால் பொறுப்பாளரிடம் சொல்லி அதே பதிவில் திருத்துங்கள்.

தேர்வு எழுதுவதுபோல் பதற வைப்பது

எல்லா ஒளிப்புள்ளிகளும் தெரிய வேண்டும் என்று நோயாளி நினைத்தால், தெரியாதபோதும் பட்டனை அழுத்துவார். கண்ணால் காணக்கூடிய மிக மங்கலான ஒளியைத் தேடுவதே இப்பரிசோதனை என்பதால், நல்ல கண்ணுக்கும் ஏறக்குறையப் பாதிப் புள்ளிகள் தெரியமாட்டா. “தெரியலைன்னா தப்பில்லைங்க ஐயா, நடுவிளக்கையே பாருங்க” என்று தொடங்கும் முன்பே சொல்லுங்கள். பொய் நேர்விடை, அதாவது ஒளி தெரியாமலே பட்டனை அழுத்துவது, 15 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த முடிவை நம்ப இயலாது. பரங்கிப்பேட்டையிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் வந்து களைத்திருப்பவருக்கு, பட்டனை அழுத்திப் பிடித்தால் பரிசோதனை நின்று காத்திருக்கும் என்பதையும் கற்றுக்கொடுங்கள். அவரை இருட்டறையில் தனியே விட்டுப் போகாதீர்கள்.

தடித்த விளிம்புள்ள லென்ஸ்

தடித்த விளிம்பு பார்வையை மறைத்துவிடும். மெல்லிய விளிம்புள்ளதை மட்டும், இமைமுடியில் படாத அளவுக்குக் கண்ணருகே வையுங்கள்.

தொங்கும் மேலிமை

இமை மேல்பக்கப் பார்வையை மறைத்தால் டேப் ஒட்டித் தூக்குங்கள். தூக்கியதை எழுதி வையுங்கள்.

முதல் தாளை முடிந்த தீர்ப்பாகக் கொள்வது

கண் அழுத்தம் மிகுந்திருந்தும் பார்வைப் புலம் இயல்பாக இருந்தவர்களை அமெரிக்காவில் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தபோது, கோளாறு காட்டிய நம்பகமான தாள்களில்கூட 85.9 விழுக்காடு மறுபரிசோதனையில் உறுதிப்படவில்லை. முதன்முறை அமர்பவருக்குப் பழக்கமின்மையே குறையாகப் பதிவாவதும் உண்டு. ஆகவே மறுபரிசோதனைக்கு முன்பு நோயாளியிடம் எதையும் சொல்லி அச்சுறுத்தாதீர்கள். திரும்ப எடுக்கும்போது சென்ற முறை 24-2 என்ற புள்ளி அமைப்பில் எடுத்திருந்தால் இம்முறையும் 24-2 எடுங்கள். கண்மணியின் அளவு முன்புபோல் இருக்கிறதா என்று பாருங்கள். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தைப் பரிசோதனை முடிந்த பிறகே போடச் சொல்லுங்கள்.